கலவை தெரியாத பழைய காரீயத்தை உருக்கிப் பாளமாக வார்ப்பது எப்படி

வலைக் கயிற்றுக்கு ஈயக் குண்டு வார்ப்பவர்கள், தூண்டில் எடை செய்பவர்கள், முக்குளிப்பு இடுப்புப் பட்டைக்கு எடை ஊற்றுபவர்கள் எல்லோருக்கும் மூலப்பொருள் ஒன்றுதான்: பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் வாங்கும் காரீயம். அது எங்கிருந்து கழற்றியது, அதில் வேறு என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே பெரும்பாலும் தெரியாது. அதைச் சுத்தமான பாளமாக்குவதில் உருக்குவது சின்ன வேலை. நெருப்பு வைப்பதற்கு முன் பிரிப்பதும், சூட்டைக் கட்டுக்குள் வைப்பதும், வார்த்த பாளம் என்ன கலவை என்று சோதித்து எழுதி வைப்பதும்தான் பெரிய வேலை. ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கலந்துவிட்டால் வீட்டில் திரும்பப் பிரிக்க வழி கிடையாது.

முதலில் இடம். வீட்டுக்குள், சமையலறையில், மாடியில் துணி காயும் இடத்துக்குப் பக்கத்தில் இதைச் செய்யக் கூடாது. குழந்தைகள் தவழும், விளையாடும் முற்றமும் வேண்டாம். கருவுற்ற பெண்ணோ சிறு குழந்தையோ உள்ள வீட்டு வளாகத்தில் இந்த வேலையையே வைத்துக்கொள்ளாதீர்கள். உருக்கிய காரீயத்தின் ஆபத்து புகையில்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 400 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருந்தால் ஆவியாகும் அளவு மிகக் குறைவு. உண்மையில் உடம்புக்குள் போவது மேலே மிதக்கும் கசட்டின் நுண்தூள்தான். அது கையில் ஒட்டி வாய்க்குப் போகிறது, சட்டையில் ஒட்டி வீட்டுக்குப் போகிறது. பெரியவர்கள் விழுங்கும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேரும் என்றால் குழந்தைகளுக்குப் பாதிவரை சேரும். இந்த அளவுவரை பாதுகாப்பு என்று சொல்லத்தக்க வரம்பு எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

தொடவே கூடாதவை

பேட்டரி. இதில் விதிவிலக்கே இல்லை. கார், பைக், இன்வெர்ட்டர் பேட்டரியின் தகட்டில் இருப்பது பாதிக்கு மேல் காரீய சல்பேட்டும் ஆக்சைடும் கலந்த பசை. அடுப்புச் சூட்டில் அது உலோகமாகாது, விஷத் தூளாகத்தான் பறக்கும். தகட்டில் ஆர்செனிக், ஆன்டிமனி (காரீயத்தைக் கடினமாக்கச் சேர்க்கும் உலோகம்), கால்சியம் சேர்ந்திருக்கும். அந்தக் கசட்டில் ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற வாயுக்கள் கிளம்பலாம், இரண்டும் கொல்லக்கூடியவை. செனகல் நாட்டில் டாக்காரை ஒட்டிய தியாரோய் சுர் மேர் என்ற ஊரில் மக்கள் பழைய பேட்டரி மண்ணைச் சலித்துக் காரீயம் எடுத்ததால் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போகச் சொல்கின்றன.

அடுத்தது, மூன்று இதழ் கொண்ட கதிரியக்கக் குறி உள்ள எந்தக் கலனும், அல்லது மருத்துவமனை, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த கனமான மூடிய காரீயக் குடுவையும். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய பொருள் சந்தையில் கோபால்ட்-60 இருந்த கருவியைப் பிரித்ததில் பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் உயிரிழந்தார். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் திறக்காமல் தள்ளி நின்று காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

பிரித்தல்

மீதியை வகை வகையாகப் பிரியுங்கள். எக்ஸ்ரே அறைச் சுவரிலிருந்து கழற்றிய தகடும் பழைய தண்ணீர்க் குழாயும் பெரும்பாலும் மென்மையான, ஏறக்குறையத் தூய காரீயம். டயர் கடையில் கிடைக்கும் சக்கர எடைகளில் கிளிப் வைத்தவை மூன்று சதவீதத்தை ஒட்டி ஆன்டிமனி கலந்தவை, ஒட்டுவகை கிட்டத்தட்டத் தூயவை. பழைய அச்சகத்து எழுத்துகளில் ஆன்டிமனியும் வெள்ளீயமும் (டின்) அதிகம்; கடினமாக, நொறுங்கும் தன்மையோடு இருக்கும். இதை மென்காரீயத்தோடு கலந்து வீணாக்க வேண்டாம். தனியாக வைத்தால் பிற்காலத்தில் கடினமாக்கும் கலவையாக உதவும்.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அதாவது டின். வளைத்தால் உள்ளே மெல்ல முறுமுறுக்கும் சத்தம் கேட்கும். காரீயத்தைவிடப் பல மடங்கு விலை போவது, ஆகவே தனியே விற்றுவிடுங்கள். மாறாக, சொம்பு மாதிரி இருந்தும் சத்தமில்லாமல் மொத்தையாக வளைகிறது, கையில் அளவுக்கு மீறிக் கனக்கிறது, காகிதத்தில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழுகிறது என்றால் அது காரீயம் கலந்த போலி. அது எந்த நிலையிலும் சமையலுக்குத் திரும்பக் கூடாது.

சக்கர எடைகளில் இப்போது இரும்பும் துத்தநாகமும் நிறைய வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 ஜூலையிலிருந்து கார்களுக்குக் காரீய எடை தடைசெய்யப்பட்டதால் அந்தச் சந்தைக்குச் செய்த எடைகள் எல்லா ஊர்க் குவியலிலும் கலந்திருக்கும். இரும்பைக் காந்தம் பிடித்துவிடும். துத்தநாகத்தின் மேல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் Zn என்ற அதன் வேதிக் குறியீடு பொறித்திருக்கும். இல்லையென்றால் கட்டிங் பிளேயரால் ஓரத்தை ஒரு கடி கடியுங்கள்: காரீயத்தில் வாய் ஆழமாக இறங்கும், துத்தநாகத்தில் கீறல் மட்டும் விழும். சிமென்ட் தரையில் போட்டால் துத்தநாகம் கணீரென்று ஒலிக்கும், காரீயம் தொப்பென்று விழும். சந்தேகம் தீராத துண்டில் குளியலறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விடுங்கள். உடனே நுரைத்தால் துத்தநாகம். இந்தச் சோதனை குளிர்ந்த துண்டில் மட்டும், அடுப்பிலிருந்து தள்ளி. ஒவ்வொரு எடையையும் கடித்துப் பார்ப்பது சலிப்பான வேலைதான். ஆனாலும் 15 கிலோ காரீயத்தைக் கெடுக்க நாலைந்து துத்தநாக எடை உருகினாலே போதும் என்பதால் இதில் நேரம் செலவழிப்பது நியாயம்.

ரப்பர் வால்வு, ஒட்டு டேப், பி.வி.சி. உறை, பெயின்ட் தகடு எல்லாவற்றையும் முடிந்தவரை நீக்குங்கள். பி.வி.சி. எரிந்தால் அமில வாயு வரும். பழைய பெயின்டைச் சுரண்டும்போது நனைத்துச் சுரண்டுங்கள். குழாய்த் துண்டுகளில் இரண்டு முனையும் நசுங்கி அடைத்திருந்தால் வெட்டித் திறந்து, ஒரு வாரம் வெயிலில் காய வையுங்கள். உள்ளே ஒரு ஸ்பூன் தண்ணீர் தங்கியிருந்தாலும் அது ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். சட்டியிலிருக்கும் அத்தனை காரீயமும் முகத்துக்கு வரும்.

கருவிகள்

சட்டி வார்ப்பிரும்பிலோ கெட்டி எஃகிலோ இருக்க வேண்டும். அலுமினியம் கூடாது; சூட்டில் வலுவிழந்து அடி கழன்றுவிடும். கால்வனைஸ் வாளி, குழாய், கரண்டி எதுவும் கூடாது, அதன் பூச்சே துத்தநாகம். இரண்டு லிட்டர் சட்டி தாராளம். முக்கால் பாகம் நிரப்பினாலே 17 கிலோ, சட்டியோடு சேர்த்தால் 20 கிலோவைத் தாண்டும். வீட்டு கேஸ் அடுப்பு இதைத் தாங்கச் செய்ததல்ல. எல் வடிவக் கோணக் கம்பியில் பற்றவைத்த மூன்றுகால் ஸ்டாண்டு, கீழே ஹை பிரஷர் பர்னர், சிலிண்டர் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி. ஸ்டாண்டைச் சுற்றி ஓர் இரும்புத் தட்டில் வறுத்துக் காய்ந்த மணல். சிந்தினால் மணலில் விழட்டும். ஈரமுள்ள சிமென்ட் தரையில் விழுந்தால் தரை வெடித்துத் தெறிக்கும். கடற்கரை மணலை அப்படியே போடாதீர்கள், உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

முனையை உலோகத்துக்குள் முக்கிச் சூட்டை அளக்கும், எஃகு உறை போட்ட கே-வகை தெர்மோகப்பிள் அளவி கட்டாயம். துப்பாக்கி மாதிரி நீட்டிக் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி பளபளக்கும் உலோகப் பரப்பில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், அதை நம்பிச் சூட்டை ஏற்றுவது ஆபத்து.

அச்சுக்கு 40 மி.மீ. கோணக் கம்பியை 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் சற்று வெளிச்சாய்வாகத் தகடு பற்றவைத்தால் ஒன்றேகால் கிலோவை ஒட்டிய பாளம் வரும். அதைவிடச் சுலபம் பழைய வார்ப்பிரும்புப் பணியாரச் சட்டி. ஒவ்வொரு குழியிலும் சில நூறு கிராம் உருண்டை விழும், அடுக்கவும் எடை போடவும் வசதி. வாங்கியதும் அதன் கைப்பிடியில் சிவப்பு பெயின்ட் அடித்துவிடுங்கள், மறந்தும் அது அடுப்படிக்குத் திரும்பக் கூடாது. நான்-ஸ்டிக் பூச்சுள்ளது வேண்டாம். டின் பூசிய தகரமும் வேண்டாம், காரீயம் அதில் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். அச்சின் உட்பக்கம் லேசான துருவோ மெழுகுவத்திப் புகைக்கரியோ இருந்தால் பாளம் தட்டியதும் விழும்.

உடம்புக்கு: முழுக்கை பருத்திச் சட்டை, தோல் கையுறை, முகம் முழுதும் மறைக்கும் கவசம், தோல் பூட்ஸ். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் தெறித்த துளி பூட்ஸுக்குள் இறங்கும். செருப்பும் பாலியெஸ்டர் துணியும் கூடாது. மூக்குக்கு, நுண்தூளைப் பிடிக்கும் பி100 வடிகட்டி பொருத்திய, மூக்கையும் வாயையும் மூடும் அரைமுக ரெஸ்பிரேட்டர். துணி மாஸ்க், சர்ஜிகல் மாஸ்க் இரண்டும் இதற்குப் பயன்படாது.

உருக்குதல்

மழை மேகம் இருந்தால் அன்று வேலையைத் தொடங்காதீர்கள். காற்று உங்கள் பக்கவாட்டில் போகும்படி நில்லுங்கள்.

ஒரே வகையைச் சேர்ந்த துண்டுகளை மட்டும் குளிர்ந்த சட்டியில் முழுவதுமாக அடுக்கி, மூடி போட்டு, மெல்லிய தீயில் தொடங்குங்கள். குளிர்ந்த நிலையிலேயே போடுவதன் காரணம் எளிது: துண்டில் ஈரம் இருந்தால் உலோகம் உருகும் முன்பே அது ஆவியாகிப் போய்விடும். உருகிய காரீயத்துக்குள் புதுத் துண்டைப் போடுவது இந்த வேலையில் தீக்காயத்துக்கு முக்கியமான காரணம். சட்டி பாதிதான் நிரம்பியது என்றால் பாதியோடு வார்த்து முடியுங்கள். கரண்டியும் அப்படித்தான். குளிர்ந்த கரண்டியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும், அடுப்பு அனலில் நன்றாகச் சூடாக்கிய பிறகே முக்க வேண்டும்.

தூய காரீயம் 327 டிகிரியில் உருகும், ஆன்டிமனியோ டின்னோ கலந்தது அதற்கு முன்பே. அளவி 340-ஐத் தொட்டதும் தீயைக் குறையுங்கள். சக்கர எடையாக இருந்தால் மேலே மிதப்பதை அள்ளி முடிக்கும்வரை 380-ஐத் தாண்ட விடாதீர்கள். துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும். பிரிக்கும்போது தப்பிய எடை இருந்தால் திடமாகவே மேலே மிதக்கும், துளைக் கரண்டியால் இரும்புக் கிளிப்புகளோடு அள்ளிவிடலாம். குறைந்த சூடு உங்களுக்கு இலவசமாகத் தரும் பாதுகாப்பு இது. ஏதாவது ஒரு துண்டு 100 டிகிரிக்குள்ளேயே வழியத் தொடங்கினால் அடுப்பை அணையுங்கள். அது பிஸ்மத், சில நேரம் காட்மியமும் சேர்ந்த தாழ்சூட்டு உலோகம், தீயணைப்பு நீர்த்தெளிப்பான் அடைப்புகளில் வருவது. காட்மியப் புகை காரீயத்தைவிடக் கொடியது.

கிளிப், அழுக்கு நீங்கியதும் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை நிற்கும். அவசரப்பட்டு அதை எடுத்தெறிய வேண்டாம், டின் இருந்தால் அதன் ஆக்சைடும் அதில்தான் இருக்கும். எலுமிச்சம்பழ அளவு காய்ந்த மரத்தூளைத் தூவி, கருகியபின் மெதுவாகக் கிளறுங்கள். அதன் கரி ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு உலோகத்தைத் திரும்பக் கீழே இறக்கும். மெழுகோ குங்கிலியமோகூட ஆகும், ஆனால் திடீரென்று குப்பென்று தீப்பிடிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். பிளைவுட், லேமினேட் தூள் வேண்டாம், பசை கலந்திருக்கும். சட்டியின் ஓரத்தையும் அடியையும் நன்றாகச் சுரண்டிக் கிளறினால் அடியில் சிக்கிய மண்ணும் மேலே வந்துவிடும். பிறகு மிஞ்சும் கறுப்புத் தூளைத் தட்டாமல், ஊதாமல் அள்ளி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். இரண்டு முறை செய்தால் பரப்பு கண்ணாடியாகத் தெரியும்.

துத்தநாகம் உருகிவிட்டால்

பரப்பு கண்ணாடியாகாமல், எத்தனை முறை மரத்தூள் போட்டாலும் ரவைக் கஞ்சி மாதிரி திரிதிரியாக நிற்கிறதா? சூடு ஏறியபோது துத்தநாகம் உருகிக் கலந்துவிட்டது. சூட்டைக் கூட்டினால் தெளிந்துவிடும் என்று தோன்றும், தெளிந்த மாதிரி தெரியவும் செய்யும். அப்படிச் செய்யக் கூடாது. துத்தநாகம் காரீயத்தில் கரைந்து மறைகிறதே தவிர வெளியேறவில்லை. எதிர்வழியில் போங்கள். தீயை மிகக் குறைத்து, சட்டியை 330 டிகிரிவரை மெல்ல இறங்க விடுங்கள். காரீயம் உறையும் சூட்டை நெருங்கும்போது அதில் கரைந்து நிற்கக்கூடிய துத்தநாகம் அரை சதவீதம்தான். மிச்சமெல்லாம் மேலே பொருக்காகத் திரளும், துளைக் கரண்டியால் அதை வழித்தெடுங்கள். மறுபடி 360-க்கு ஏற்றி, மறுபடி இறக்கி, இன்னொரு முறை. ஆன்டிமனி கலந்ததாக இருந்தால் 330-க்குக் கீழும் திரவமாகவே நிற்கும் என்பதால் இன்னும் சற்று இறக்கலாம். மிஞ்சும் அரை சதவீதம் முக்குளிப்பு எடைக்கும் நங்கூர எடைக்கும் தொந்தரவில்லை. நுணுக்கமான அச்சில் ஊற்றும் குண்டுக்கு அது ஆகாது, மூலைகள் நிரம்பாது. கந்தகம் போட்டு எரிக்கும் வழியையும் சிலர் சொல்வதுண்டு. அதிலிருந்து வரும் வாயு நுரையீரலைப் பொசுக்கும், வீட்டில் அதற்கு இடமில்லை.

ஊற்றுதல்

அச்சுகளை அடுப்பின் ஓரத்தில் வைத்து, தண்ணீர்த் துளி தெறித்தால் உடனே சீறி மறையும் அளவுக்குச் சூடாக்கி, துளி முழுதும் போனபின் மட்டமான மணல் தட்டில் வையுங்கள். காரீயம் 370-லிருந்து 400-க்குள் இருக்கும்போது கரண்டியால் மொண்டு ஊற்றுங்கள். 420-க்கு மேல் போகவே வேண்டாம். சட்டியைத் தூக்கிச் சாய்த்து ஊற்றாதீர்கள், 17 கிலோ திரவம் கையில் ஆடும். அச்சின் விளிம்புக்கு ஐந்து மி.மீ. கீழே நிறுத்துங்கள். உறையும்போது நடுவில் சற்றுக் குழி விழும், இயல்புதான். மேலே மேலே ஊற்றி நிரப்பினால் அடுக்கடுக்காக நிற்கும்.

பரப்பு மங்கி, தட்டினால் அலையாமல் நின்ற பிறகும் பத்து நிமிடம் விடுங்கள். உள்ளே இன்னும் கூழாக இருக்கும்போது கவிழ்த்தால் பாளம் உடையும். தண்ணீரில் போட்டுக் குளிர்விப்பது வேண்டாம். சட்டியைக் காலி செய்யுங்கள். அடியில் மிச்சம் விட்டால் இந்தக் கலவை அடுத்த வகைக்குள் போய்ச் சேரும்.

என்ன கலவை என்று கண்டுபிடிப்பது

பாளத்தின் நிறமே கொஞ்சம் சொல்லும். நீலம், ஊதா, பொன்னிறம் ஓடியிருந்தால் மென்காரீயம். வெள்ளி போல நிறம் மாறாமல் நின்றால் டின் இருக்கிறது. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

குளிரும் கணக்கு நம்பகமானது. சூடாக்கிய சிறு இரும்புக் கிண்ணத்தில் ஒரு கிலோ எடுத்து, அளவியின் முனை அடியைத் தொடாமல் நடுவில் நிற்கும்படி வைத்து, 15 விநாடிக்கு ஒருமுறை எண்ணைக் குறியுங்கள். 327-இல் நீண்ட நேரம் நின்று, பிறகு சரசரவென்று இறங்கினால் தூயது. அதற்குக் கீழே கெட்டியாகத் தொடங்கி, 250-ஐ ஒட்டி இன்னொரு முறை நின்றால் ஆன்டிமனி; முதலில் வேகம் குறையும் இடம் 327-லிருந்து எவ்வளவு கீழே என்று பாருங்கள், ஏறத்தாழ 7 டிகிரிக்கு ஒரு சதவீதம் ஆன்டிமனி. 240-க்கும் 250-க்கும் நடுவில் ஒரே நிறுத்தமாக வந்தால் அச்செழுத்து உலோகம். 183-இல் நின்றால் டின் தாராளமாகக் கலந்த சால்டர் (பற்றவைக்கும் ஈயம்). முனை உறைந்து மாட்டிக்கொள்ளும், இழுக்காமல் மறுபடி சூடாக்கி எடுங்கள். முதல் வேலையாக நிச்சயமாகத் தூயது என்று தெரிந்த தகட்டை வைத்து உங்கள் அளவி 327 காட்டுகிறதா என்று சரிபார்த்துவிடுங்கள்.

அடர்த்தியும் பார்க்கலாம். 0.1 கிராம் துல்லியமுள்ள தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். பாளத்தை நூலில் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல் முழுவதும் முக்குங்கள். தராசு காட்டும் கிராமால் பாளத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி. 500 கிராம் பாளத்துக்கு 44.1 காட்டினால் 11.34, தூய காரீயம். 45.6 காட்டினால் 10.96, ஐந்து சதவீத ஆன்டிமனியை ஒட்டியது. 58.8 என்றால் 8.5, அறுபது சதவீத டின் உள்ள சால்டர். பாளத்துக்குள் காற்றுக் குழி இருந்தால் கணக்கு பொய்க்கும், அதனால் குளிரும் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கயிற்றில் மடக்கி நசுக்கும் ஈயத்துக்கு மென்காரீயமே வேண்டும். சில சதவீதம் ஆன்டிமனி சேர்ந்தாலே மடக்கும் இடத்தில் வெடிக்கும். அச்சில் ஊற்றும் குண்டுக்குக் கொஞ்சம் ஆன்டிமனி இருந்தால் பாறையில் உரசினாலும் தேயாது. ஒவ்வொரு பாளத்திலும் வகை, உருக்கிய தேதி, உறைந்த சூடு மூன்றையும் எழுத்துளியால் பொறித்துவிடுங்கள். பேனா எழுத்து ஒரு மாதத்தில் மறைந்துபோகும்.

வேலை முடிந்து

கையுறையைக் கழற்றியதும் சோப்புப் போட்டு, நகக்கண் உட்பட, இரண்டு முறை கழுவுங்கள். அதற்கு முன் வெற்றிலை, பீடி, தேநீர் எதையும் தொடக் கூடாது. உடையை அங்கேயே மாற்றி, வீட்டுத் துணியோடு சேர்க்காமல் துவையுங்கள். பூட்ஸ் வாசலுக்கு வெளியே. தரையைப் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையும் பையில் கட்டுங்கள். இதெல்லாம் சட்டி, அடுப்பு, மணல் முழுதும் ஆறிய பிறகு.

கசட்டு டப்பாவை ஈரமில்லாத இடத்தில், குழந்தைகள் எட்டாத உயரத்தில், பெயர் ஒட்டி மூடி வையுங்கள். தோட்டத்திலோ சாக்கடையிலோ கொட்டினால் அந்த மண் தலைமுறைக்கும் அப்படியே நிற்கும். நிரம்பியதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற காரீய மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். விற்பனைக்காக உருக்குவதென்றால் உங்களுக்கும் அதே வாரியத்தின் அனுமதி வேண்டும். மாதாமாதம் உருக்குபவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் காரீய அளவைப் பரிசோதியுங்கள். ரத்தத்தில் சேர்ந்தது பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும், எலும்பில் சேர்ந்தது பல ஆண்டுகள் தங்கும். எண் முந்தைய சோதனையைவிட ஏறியிருந்தால் உருக்குவதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள், வீட்டிலுள்ளவர்களுக்கும் அதே சோதனையை எடுங்கள்.